கார்பன் இழைத் தகடு கோணாதிருக்க

பாவின் இழுப்பு ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருந்தால் துணி சமமாகப் படியாது என்பதை நெசவாள அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணியாயின் அக்குறையை நீர் தெளித்தும் இஸ்திரி போட்டும் ஓரளவு சரிப்படுத்திவிடலாம். ஆனால் ஆகாய விமானம், பந்தய மோட்டார், செயற்கைக் கால் முதலியவற்றுக்குப் பயன்படும் கார்பன் இழைத் தகட்டில் கோணல் விழுந்துவிட்டால் அதைத் திருத்துவதற்கு வழியில்லை. எபாக்சிப் பிசின் ஒருமுறை சூட்டில் இறுகியபின் மீண்டும் உருகுவதில்லை. விலை உயர்ந்த இழையும், பிசினும், பல நாள் உழைப்பும் ஒருங்கே வீணாகும். இந்த நஷ்டம் பெரும்பாலும் சரக்கின் குற்றத்தால் நேருவதன்று. அடுக்கிய முறையின் குற்றத்தாலேயே நேருகிறது. ஆதலின் அம்முறையை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

இழையின் இயல்பு

கார்பன் இழைக்கும் பருத்திக்கும் பழைய உறவு உண்டு. 1879-ஆம் ஆண்டில் எடிசன் தம் மின்விளக்குக்குப் பருத்தி நூலைக் கரியாக்கியே பயன்படுத்தினார். எனினும் அவ்விழை வலுவற்றது. 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்பவரும், 1961-இல் ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்பவரும் செய்த ஆராய்ச்சிகளும், அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த வேலையும் இன்றைய வலிய இழைக்கு வழி வகுத்தன. இப்போது பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நாரைக் கரியாக்கியே இதைச் செய்கின்றனர். ஓர் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான் வரை இருக்கும்; தலைமயிரின் பருமனில் இது பத்தில் ஒரு பங்கு எனலாம். 3,000 இழைகளோ 12,000 இழைகளோ சேர்ந்து ஒரு புரியாகும்.

இழைகளை ஒரே திசையில் கிடத்திப் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால், இழையின் நீளவாட்டில் அத்தகடு மிகுந்த வலிமையுடையதாகும். குறுக்குவாட்டிலோ பிசினே பாரம் தாங்க வேண்டியிருத்தலின், நீளவாட்டு வலிமையில் இருபதில் ஒரு பங்குகூட இராது. ஆகவேதான் பல அடுக்குகளைப் பல திசைகளில் வைக்கிறார்கள்.

சூட்டில் இதன் போக்கும் கவனிக்கத்தக்கது. கார்பன் இழை வெப்ப மாறுதலால் நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. பிசின் அவ்வாறன்று. 180 டிகிரியில் இறுகிய ஒரு மீட்டர் தகடு அறையின் வெப்பநிலைக்கு ஆறும்போது, இழையின் குறுக்கே சுமார் நாலரை மில்லிமீட்டர் சுருங்க முயலும். நெடுக்கே சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். இப்போது நெடுக்கு அடுக்கு ஒன்றும் குறுக்கு அடுக்கு ஒன்றும் மட்டும் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். ஒன்று சுருங்க விரும்பும் திசையில் மற்றொன்று அசைய மறுக்கும். முடிவில் அச்சில் சமமாகக் கிடந்த தகடு, வெளியே எடுத்ததும் ஓலைபோல் வளைந்து நிற்கும்.

இரண்டு விதிகள்

முதல் விதி சமச்சீர். தகட்டின் பருமனில் சரிபாதியில் ஒரு நடுத்தளம் இருப்பதாக எண்ணுக. அதற்கு மேலே எத்தனையாவது இடத்தில், என்ன கோணத்தில், என்ன பருமனில் ஓர் அடுக்கு உள்ளதோ, கீழேயும் அத்தனையாவது இடத்தில் அதே கோணத்தில் அதே அடுக்கு இருத்தல் வேண்டும். மேல்பாதி வளைக்கும் அளவுக்குக் கீழ்ப்பாதி எதிராக வளைக்க முயலுமாதலால் தகடு நேராக நிற்கும். ஒட்டுப்பலகைக்கு மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் தாள் அமைப்பதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது விதி சமநிலை. வலப்புறம் 45 டிகிரி சாய்ந்த அடுக்கு ஒன்று இருந்தால், இடப்புறம் 45 டிகிரி சாய்ந்த அடுக்கும் ஒன்று இருத்தல் வேண்டும். இல்லாவிடில் தகட்டை நேராக இழுத்தாலும் அது ஒருபுறமாகச் சரியும். இதைப் பேரேட்டின் பற்று வரவுக்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்ப்பதிவு இருந்தாலன்றிக் கணக்கு நேர்படாது.

உதாரணமாக எட்டு அடுக்குத் தகட்டை மேலிருந்து கீழாக இவ்வாறு அமைப்பது வழக்கம்: நேர், வலம் 45, இடம் 45, குறுக்கு, பின்னர் குறுக்கு, இடம் 45, வலம் 45, நேர். இதில் இரு விதிகளும் நிறைவேறுகின்றன. புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. கண்ணாடிப் பிம்பம் என்று கேட்டவுடன், மேலே வலம் இருந்தால் கீழே இடம் வைக்க வேண்டும் என்று கருதிவிடுகிறார்கள். அது சரியன்று. எல்லாக் கோணங்களையும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்தே அளக்க வேண்டும். வலத்துக்கு நேர்கீழே வலமே வர வேண்டும்.

இவற்றோடு வலிமைக்காக வேறு சில வழக்கங்களும் உண்டு. நான்கு திசைகளில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 10 பங்கு இழையாவது வைப்பார்கள். ஒரே திசையில் நான்கு அடுக்குக்கு மேல் தொடர்ந்து வையார்கள். வைத்தால் அடுக்குகளுக்கிடையே வெடிப்புப் படரும். தட்டுப்படக்கூடிய வெளிப்புறத்தில் சாய்ந்த அடுக்கை வைப்பது உத்தமம்.

நெசவாளருக்குத் தெரிந்த இடம்

ஒரு திசை இழைக்குப் பதிலாகக் கார்பன் துணியையே அடுக்குவதும் உண்டு. அங்குலத்துக்குப் பாவு 12.5, ஊடை 12.5 என்னும் கணக்கில் நெய்யப்படும் சாதா நெசவுத் துணி சந்தையில் பெரிதும் வழங்குகிறது. பாவும் ஊடையும் சமமாயிருப்பதால், இதை 45 டிகிரி திருப்பிப் போட்டால் வலமும் இடமும் ஒரே அடுக்கில் அமைந்துவிடும். ஊடை குறைந்த துணியாயின் இந்தச் சமநிலை கெடும்.

சாட்டின் நெசவில் இன்னும் எச்சரிக்கை தேவை. எட்டு விழுதுச் சாட்டினில் ஒவ்வொரு பாவும் ஏழு ஊடைகளின் மேலும் ஒன்றின் கீழும் செல்கிறது. ஆகவே ஒரு முகத்தில் பாவும், மறுமுகத்தில் ஊடையும் மிகுந்து தோன்றும். இத்தகைய ஒற்றைத் துணி தனக்குள்ளேயே சமச்சீரற்றது. இரண்டு துணிகளை அடுக்கும்போது, பாவின் திசை மாறாமல் ஒன்றைப் புரட்டி, பாவு முகத்தோடு பாவு முகம் பொருந்த வைக்க வேண்டும். இதைப் பொறியியல் படித்தவரும் சில சமயம் கவனியாது விட்டுவிடுவர். தறியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கோ முகம் எது, புறம் எது என்பது பார்த்தவுடனே புலப்படும்.

வேண்டுமென்றே மீறுதல்

விதியை நன்கறிந்தவர் அதைப் பயன் கருதி மீறுவதும் உண்டு. 1984 டிசம்பர் 14-இல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்த எக்ஸ்-29 என்னும் சோதனை விமானத்தின் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. அத்தகைய இறக்கை காற்றின் விசையால் மேலே வளையும்போது முறுகி ஒடிந்துவிடும் அபாயம் உண்டு. கார்பன் அடுக்குகளை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்ததால், இறக்கை வளையும்போதே முன்விளிம்பு கீழ்நோக்கித் திரும்பி அபாயம் தடுக்கப்பட்டது.

மற்றொன்றும் சொல்லத் தகும். அடுக்கு செம்மையாயிருந்தும், 90 டிகிரியாக மடங்கிய மூலை ஆறும்போது ஒரு டிகிரி அளவு உள்நோக்கி ஒடுங்குவது இயல்பு. அதை முன்கூட்டிக் கணக்கிட்டு அச்சையே சற்று விரித்துச் செய்கிறார்கள். பிசின் ஓரிடம் கூடி ஓரிடம் குறைந்தாலும் கோணல் வரும்.

பயிரிடுவோர் கவனத்துக்கு

சணல், கற்றாழை நார், ஆளி நார் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் பிசின் பலகைகளுக்கும் இவ்விதிகளே பொருந்தும். இந்நார்கள் ஈரம் குடித்தால் நீளவாட்டில் அதிகம் நீளாமல் குறுக்கே பருக்கும். ஆதலால் அடுக்கில் பிழையிருந்தால், கோடையில் நேராயிருந்த பலகை மழைக்காலத்தில் வளைந்துவிடும். வாங்கியவர் நாரைப் பழிப்பார். குற்றம் நாரினுடையதன்று.

சங்கத்தினரோ அவர்தம் மக்களோ இத்தொழிலில் இறங்குவாராயின், அடுக்குப் பதிவேடு ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுதல் அவசியம். ஒவ்வோர் அடுக்கும் வைக்கப்பட்டவுடன் அதன் வரிசை எண், கோணம், எந்த முகம் மேலே என்பவற்றை எழுதி, வைத்தவர் ஒருவரும் பார்த்தவர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். மேலடுக்கு மூடியபின் கீழடுக்கைக் கண்ணால் பார்க்க இயலாது. உலையில் ஏற்றுமுன் மேல்பாதிப் பதிவுகளையும் கீழ்ப்பாதிப் பதிவுகளையும் ஒத்துப் பார்த்தால் பிழை அப்போதே அகப்படும். தகட்டையும் பணத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.