சிடி4 எண்ணிக்கை குறைந்தால் இடிந்துபோக வேண்டாம், கூடினால் மாத்திரையை நிறுத்த வேண்டாம்

பாகான் டத்தோ – எச்ஐவி கிருமியுடன் வாழ்பவர்களின் பரிசோதனைத் தாளில் ‘சிடி4’ என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். அது 180 என்று வந்தால் வீடே இடிந்துபோகிறது. 600 என்று வந்தால் நோய் போய்விட்டதாக நினைத்து மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அந்த எண்ணிக்கையை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்பது ஒரு வகை. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை ஒன்றுபோலவே தெரியும். வேலைதான் வேறு வேறு. அவற்றுள் ‘உதவி டி அணு’ நம் தோட்டத்து மண்டோர் மாதிரி. கிருமி வந்ததை அறிந்து மற்ற அணுக்களை வேலைக்கு அனுப்புவது அதுதான். அதன் மேற்பரப்பில் சிடி4 என்னும் ஏற்பி இருக்கிறது. எச்ஐவி அந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் அணுவுக்குள் நுழைகிறது. இது 1984இல் கண்டறியப்பட்டது.

ஒன்றுபோல் தெரியும் அணுக்களைப் பிரிப்பது எப்படி? தேங்காய்க் குவியலில் முற்றிய காய் எது என்பதை இங்குள்ளவர்கள் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ரத்த அணுவைத் தட்டிப் பார்க்க முடியாதே! அதனால், வேண்டிய அணுவில் மட்டும் ஒட்டும் சாயத்தைக் கலந்து, சாயம் ஏறியதை எண்ணுகிறார்கள்.

அந்தச் சாயத்தைச் சுமந்து செல்வது ஓர் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. சிடி4 ஏற்பியைத் தவிர வேறெதிலும் அது ஒட்டாது. இப்படி ஒரே குறியுள்ள எதிர்ப்பொருளை வேண்டிய அளவுக்கு உருவாக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்டீனும் கண்டார்கள். சுண்டெலியின் எதிர்ப்பொருள் அணுவைப் புற்றுநோய் அணுவோடு இணைத்தார்கள். இணைந்த அணு ஓயாமல் பெருகிக்கொண்டே இருந்தது. 1984இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதில் ஏற்றும் சாயங்களுள் ஒன்று, கடலில் வளரும் செம்பாசியிலிருந்து வருவது.

சாயம் கலந்த ரத்தம் ‘ஃப்ளோ சைட்டோமீட்டர்’ என்ற கருவிக்குள் செல்கிறது. அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியைக் கடக்கும்போது, சாயம் ஏறியவை மின்னும், கருவி எண்ணிக்கொள்ளும். வேறொரு வகை வெள்ளை அணுவிலும் சிடி4 கொஞ்சம் இருக்கும் என்பதால், சிடி3 என்ற இன்னொரு அடையாளத்துக்கு வேறு நிறச் சாயம் சேர்த்து, இரு நிறமும் உள்ளவற்றையே கணக்கில் எடுப்பார்கள். நலமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும்.

எச்ஐவி இருக்கிறதா என்று அறியும் சோதனை இதுவல்ல. அது வேறு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. மலேசியாவில் முதல் பாதிப்பு பதிவானதும் அதே ஆண்டில்தான். அந்தச் சோதனைக்கு ரத்தத்தின் தெளிந்த நீர் போதும், குளிர்ப்பெட்டியில் கெடாது.

சிடி4 சோதனைக்கு அணு சிதையாமல் இருக்க வேண்டும். ரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் வாகனத்திலும் விடக்கூடாது. பொதுவாக 2 நாள்களுக்குள் கருவிக்குப் போய்விட வேண்டும். ஆகவே, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் வாருங்கள் என்று கிளினிக்கில் சொன்னால், அலைக்கழிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

ஒருவருக்கே காலையில் ஓர் எண்ணிக்கையும் மாலையில் வேறோர் எண்ணிக்கையும் வருவதுண்டு. காய்ச்சல் வந்தாலும் குறையும், கர்ப்பக் காலத்திலும் குறையும். எனவே ஒரு தாளை மட்டும் வைத்து அழவோ துள்ளவோ கூடாது. பல மாதங்களில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே மருத்துவர் பார்ப்பார். பரிசோதனைத் தாளிலேயே இதைத் தமிழில் ஒரு வரி அச்சிட்டால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

200க்குக் கீழே போனால் நுரையீரல் தொற்று போன்றவற்றைத் தடுக்கக் கூடுதல் மாத்திரை கொடுப்பார்கள். ஒரு காலத்தில் எண்ணிக்கை இறங்கும்வரை சிகிச்சைக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அந்த வரம்பை 2010இல் 350 என்றும் 2013இல் 500 என்றும் உயர்த்தியது. 2015இல் வரம்பையே எடுத்துவிட்டது. கிருமி உறுதியானால் எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சையைத் தொடங்கலாம்.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதைக் காட்டுவது ‘வைரல் லோட்’ எனப்படும் கிருமி அளவுச் சோதனை. சிடி4 600ஐத் தொட்டாலும் கிருமி உடலில் ஒளிந்துதான் இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகிவிடும். இதுவரை சோதனையே செய்யாதவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்டால் போதும். பெயரைச் சொல்லாமலும் சோதித்துக்கொள்ளலாம்.