ஆபீஸ் கோபம் வயிற்றைக் காந்துகிறதா?

கோவில்பட்டியில் என் வைத்தியசாலைக்கு ஒருவர் வந்தார். வயது 42. தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கர். "வயிறு காந்துதுய்யா. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல" என்றார். குன்மம் என்று முடிவு செய்து மருந்து கொடுத்தேன். பத்தியம் சொன்னேன். மனுஷர் காரம், புளி குறைத்தார், காபியையும் விட்டார். இரண்டு மாதமாகியும் காந்தல் போகவில்லை!

மூன்றாவது முறை மனைவியும் கூட வந்தார். "ஞாயித்துக்கிழமை இவுகளுக்கு ஒண்ணுமே செய்யாது டாக்டர். திங்கக்கிழமை காலையில இட்லியத் தொடவே மாட்டாக" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று பத்து தடவை கேட்ட நான், வேலை எப்படி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

விஷயம் இதுதான். பண்டல் கணக்கில் சின்ன வித்தியாசம் வந்தாலும், புதிதாக வந்த மேலாளர் இவரை பேக்கிங் பெண்கள் முன்னால் நிறுத்தி வைத்துக் கத்துகிறார். இவர் வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார்.

அந்த மேலாளர் மட்டும் நிம்மதியாக இருப்பாரா என்ன? தீப்பெட்டித் தொழில் படும் பாடு நம் கரிசல் காட்டில் எல்லோருக்கும் தெரியும். 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பிளாஸ்டிக் லைட்டர் வேறு போட்டிக்கு வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குச்சி காயாது. முதலாளியின் சூடு மேலாளர் வழியாகக் கணக்கருக்கு வந்து, கடைசியில் வீட்டிலிருக்கும் குழந்தை மேல் விழுகிறது.

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். தும்மல், பசி, தூக்கம் உண்டு. கண்ணீரும் உண்டு. கோபம் அதில் இல்லை! பாளையங்கோட்டை கல்லூரியில் மனப்பாடம் செய்த நாளில் இதை நான் யோசித்ததில்லை. கோபத்தை அப்படியே கொட்ட வேண்டாம். ஆனால் விழுங்கி வைத்து ராத்திரியெல்லாம் அசைபோட்டாலும் உடம்பு சண்டைக்கு நிற்கிற நிலையிலேயே இருக்கும். அப்புறம் தூக்கம் எங்கே, செரிமானம் எங்கே?

அவருக்கு நான் சொன்னது: "கத்துற நேரத்துல பதில் பேசாதீங்க. மறுநாள் காலையில, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி தனியாப் போய் நில்லுங்க. பழைய கதை வேண்டாம், ஒரே ஒரு விஷயம் பேசுங்க." என்ன பேசுவது என்பதைத் தாளில் எழுதச் சொன்னேன். "சார், கணக்குல தப்பு இருந்தா திருத்திக்கிறேன். ஆனா ரூமுக்குள்ள கூப்பிட்டுச் சொல்லுங்க." என் எதிரிலேயே சொல்லிப் பார்த்தார். குரல் நடுங்கியது. நான்கைந்து தடவை சொன்னதும் சரியாயிற்று. டீக்கடையில் நாலு பேரிடம் புலம்புவதைக் குறைக்கவும் சொன்னேன். ஒருவரிடம் சொன்னால் ஆறுதல். தினமும் சொன்னால் புண்ணைக் கிளறுவதுதான்.

மேலாளர் "சரி, போங்க" என்றாராம், அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்கப்புறமும் இரண்டு தடவை வெளியில் வைத்தே கத்தினார். பிறகு உள்ளே கூப்பிட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் இவருக்குத் தூக்கம் வந்தது. எண்டோஸ்கோபியும் எடுக்கச் சொல்லியிருந்தேன், பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இப்படி இருக்காது. காந்தலோடு எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ உடனே பரிசோதனை வேண்டும்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியுமா? முடியாது. ஒரு பெண்ணுக்கு வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால், அது 'சண்டை' அல்ல, குற்றம். 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமென்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

'வாழ்ந்து என்ன பயன்' என்று வீட்டில் யாராவது சொன்னால், வேலை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் கிடையாது.