கூடத்துக்குள் ஒரு கொடிக்கால்

நர்சரியில் தளதளவென்று நின்ற செடி, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இலை பழுத்துத் தொங்கிவிடும். தண்ணீரும் ஊற்றி, உரமும் போட்ட பிறகு ஏன் இப்படி? பல வீடுகளில் குறை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. நர்சரியின் பச்சை நிழல்வலைக்குக் கீழேகூட, டியூப்லைட் எரியும் கூடத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. மங்கலான அறைக்கு நம் கண் சட்டென்று பழகிவிடுவதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

அதனால் செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஜன்னலைப் பார்க்க வேண்டும். நண்பகலில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். விளிம்பு கலங்கித் தெரிந்தால் மணி பிளான்ட் தாக்குப்பிடிக்கும். நிழலே சரியாகத் தெரியாத மூலையா? ஸ்னேக் பிளான்ட்டும் இசட் இசட் பிளான்ட்டும்தான் அங்கே கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். அவற்றையும் அவ்வப்போது ஜன்னலோரம் நகர்த்தி வைப்பது நல்லது. மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயில் இலையைப் பொசுக்கும், மெல்லிய திரை வேண்டும்.

ஸ்னேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் ஊர் வறண்ட நிலங்களில் வளரும் மருள் இதன் நெருங்கிய உறவு. வில்லுக்கு நாண் திரிக்க அதன் நார் பயன்பட்டிருக்கிறது. பகல் வெப்பத்தில் நீர் வீணாகாமல் இருக்க, ஸ்னேக் பிளான்ட் இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். மண் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

கடைகளில் அதிகம் காணக் கிடைக்காத ஒரு கொடியையும் இங்கே சொல்லியாக வேண்டும்: வெற்றிலை. கொடிக்காலில் அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் நிழலிலேயே வளரும் கொடி அது. நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் அதற்கும் பிடிக்கும். ஈரம் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. மணி பிளான்ட்டுக்குச் சற்றும் குறையாத அழகு. சளி பிடித்தால் இரண்டு இலை கிள்ளிக்கொள்ளலாம். மணி பிளான்ட் இலையிலோ ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. மென்றால் வாயும் தொண்டையும் எரியும் என்பதால், தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அதை உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

தொட்டிக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. சுட்ட மண்தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டங்களுக்குப் பெயர்போன மானாமதுரை போன்ற ஊர்கள் இங்கே இருக்கும்போது, மண் நிறம் பூசிய பிளாஸ்டிக்கை வாங்குவானேன்? அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம். ஓட்டை இல்லாத தொட்டியில் அடியில் ஜல்லி போட்டாலும் பயனில்லை. நீர் மேலே மண்ணிலேயே நிற்கும். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை ஓட்டை போட்டுக் கெடுக்கவும் வேண்டாம். செடியைச் சிறு தொட்டியில் வைத்து, அதை அண்டாவுக்குள் இறக்கினால் போதும். பால்கனியில் பாரம் குறைய, மண்ணோடு தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் கலந்துகொள்ளலாம்.

செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. வீட்டில் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தாலே அந்த வேலை நடந்துவிடும். கண்ணுக்குப் பசுமையாக இருக்கிறது என்பதே செடி வைக்கப் போதுமான காரணம்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டித் தட்டில் தேங்கும் தெளிந்த நீரிலும் மணி பிளான்ட் பாட்டிலிலும் முட்டையிடும். அந்த முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதற்குள், வாரம் ஒருமுறையாவது, தட்டையும் பாட்டிலையும் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.