கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே

வீடியோ காலில் அம்மாவிடம் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். காய்ச்சலில் கிடந்தாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். இப்போது "பிரஷர் மாத்திரை அட்டையைக் காட்டும்மா" என்கிறேன். போன மாதம் ஒருநாள் பார்த்தபோது, அதற்குப் பத்து நாளைக்கு முன் வாங்கிய அட்டையில் எட்டு மாத்திரை அப்படியே இருந்தது.

மாத்திரைக்கு வழி இருக்கிறது. 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டு வைத்தால் போதும். எனக்குப் பயமெல்லாம் காகிதங்களைப் பற்றித்தான்.

"அம்மாகிட்ட பவர் எழுதி வாங்கியாச்சு, இனிக் கவலையில்லை" என்று வெளியூர்ப் பிள்ளைகள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி தவறு. பவர் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். மறதி நோய் முற்றி, நமக்கு அந்தக் காகிதம் நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது செல்லாது. அப்புறம் உயர் நீதிமன்றம் ஏறி, காப்பாளராக நியமிக்கச் சொல்லி மனுப்போட வேண்டியிருக்கும்.

ஆகவே தெளிவாக இருக்கும்போதே வங்கிக்கு அழைத்துப் போங்கள். நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்து, இருவரில் யாரும் பணம் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக்குங்கள். டெபாசிட்டை முதிர்வுக்கு முன் ஒருவரே உடைக்கலாம் என்றும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். நாமினி போட்டால் சொத்து அவருக்கே என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எது என்று சொல்வது உயில்தான்.

அடுத்தது வீடு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குத் தானசெட்டில்மென்ட் எழுதுவது நம் ஊர் வழக்கம். பத்திரத்தில் அன்பும் பிரியமும் இருக்கும், சோறும் மருந்தும் இருக்காது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. 2025-இல் சற்றுத் தாராளமாகப் பொருள்கொண்டது. எந்த நீதிபதியின் தாராளத்தையும் நம்பியிருக்காமல், உணவு, உறைவிடம், மருத்துவம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பதிவுக்கு முன் வரைவை வாட்ஸ்அப்பில் வாங்கிப் படியுங்கள்.

கவனிப்பு நின்றுபோனால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பெற்றோரால் போக முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளித்தவரும் கொடுக்கலாம். வக்கீல் வைத்தாக வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத்தொகை கிடைக்கும். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் இதே பொறுப்புதான், ஊரில் இருப்பவருக்கு மட்டுமல்ல. பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களும் தனியாக இருக்கும் முதியவர்களைத்தான் தேடுகிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

அந்த எண்ணையும், முதியோர் உதவிக்கான 14567-ஐயும், எதிர்வீட்டு அக்காவின் எண்ணையும் காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, அம்மா ஃபோனுக்குச் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.