பேரேடும் நாள்வழியும்: பொதுவுடைமையான ஒரு தரவுத்தளத்தின் வரலாறு

மழையளவைக் குறிக்கும் ஊழியரும், தடுப்பூசிக் கணக்கு வைக்கும் சுகாதாரப் பணியாளரும், மாணவர் வருகையைப் பதியும் ஆசிரியரும் இக்காலத்தில் பெரும்பாலும் கணிப்பொறி வாயிலாகவே அப்பணியைச் செய்கின்றனர். விவரங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தியதும், ‘பதிவாயிற்று’ என்னும் வாசகம் திரையில் தோன்றுகிறது. அதனை நம்பியே கையிலுள்ள குறிப்புத் தாள் அப்புறப்படுத்தப்படுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது? இவ்வினாவுக்கு விடை காணப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் வரலாறு பெரிதும் உதவும்.

மூல நிரலும் உரிமையும்

ஏராளமான விவரங்களை ஒழுங்குபடுத்திச் சேமித்து, வேண்டியபோது வேண்டியவற்றை எடுத்துத் தரும் அமைப்பே தரவுத்தளம் ஆகும். இதனை இயக்கும் கட்டளைகளை மனிதர் எழுதிய வடிவத்திற்கு மூல நிரல் என்று பெயர். சில நிறுவனங்கள் தம் மூல நிரலை இரகசியமாக வைத்துக்கொள்கின்றன. போஸ்ட்கிரெஸின் மூல நிரலையோ எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், பிறருக்கு வழங்கலாம். உரிம அறிவிப்பை நீக்காதிருத்தல் ஒன்றே நிபந்தனை. இத்தகைய மென்பொருள் திறந்த மூல மென்பொருள் எனப்படும். இந்திய அரசாங்கமும் தன் அலுவலகங்களில் இவ்வகை மென்பொருளை ஏற்பது குறித்து 2015-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டது.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986-இல் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் மாணவர் இருவர், எஸ்.க்யூ.எல். என்ற பொதுவான வினா மொழியை இதனுடன் இணைத்தனர். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி முடிவுற்ற பின்னர் இம்மென்பொருள் கைவிடப்பட்டிருக்கக்கூடும். ஆயினும் 1996-இல் பல நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் இதனை ஏற்று வளர்க்கத் தொடங்கினர். ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ என்ற இப்போதைய முழுப் பெயரும் அவ்வாண்டிலேயே சூட்டப்பட்டது.

இதற்கு உரிமையாளரான கம்பெனி எதுவும் இல்லை. ஏழு பேர் கொண்ட மையக் குழு பொது நிர்வாகத்தைக் கவனிக்கிறது. அக்குழுவில் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருத்தலாகாது என்பது வழக்கம். எவர் வேண்டுமாயினும் திருத்தம் அனுப்பலாம். ஆயின், அதனை மூல நிரலில் சேர்க்கும் அதிகாரம் அனுபவம் மிக்க சிலருக்கே உண்டு. வந்த திருத்தங்களைப் பிறர் பகிரங்கமாகப் பரிசீலிக்கின்றனர். இதற்கென ஆண்டுதோறும் சில மாதங்கள் ஒதுக்கப்படுகின்றன. 2004 முதல், தொண்டர்கள் தத்தம் இடங்களில் வைத்துள்ள பலவகைக் கணிப்பொறிகளில் புதிய நிரல் இடைவிடாது சோதிக்கப்பட்டு, முடிவுகள் யாவரும் காண வெளியிடப்படுகின்றன.

நாள்வழியும் பேரேடும்

வணிகர் ஒருவர் அன்றாட வரவு செலவை முதலில் நாள்வழிக் குறிப்பில் எழுதி, பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு எழுதும்போது இடையூறு நேரினும், நாள்வழியைக் கொண்டு கணக்கைச் சரிசெய்துவிடலாம். போஸ்ட்கிரெஸும் இம்முறையையே கையாளுகிறது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் நாள்வழிக் கோப்பில் எழுதப்பட்டு, வட்டில் நிலைபெற்ற பின்னரே ‘பதிவாயிற்று’ என்னும் செய்தி அனுப்பப்படுகிறது. பேரேடு போன்ற முதன்மைக் கோப்புகளுக்கு உரிய மாற்றங்கள், இயக்க முறைமையின் நினைவகத்தில் சிறிது நேரம் தங்கிப் பின்னர் வட்டுக்குச் செல்கின்றன. குறித்த இடைவெளிகளில் போஸ்ட்கிரெஸ், ‘யாவும் வட்டில் எழுதப்பட்டனவா?’ என இயக்க முறைமையைக் கேட்கிறது. ‘ஆம்’ என்ற விடை கிடைத்ததும் பழைய நாள்வழிப் பகுதி தேவையற்றதாகிறது.

2018-இல் வெளிப்பட்ட குறை

வட்டில் எழுத இயலாமற்போயின் என்ன நேரும்? ஒருமுறை தவறினால் மறுபடியும் கேட்கலாம், இயக்க முறைமை மீண்டும் எழுத முயலும் என்பதே போஸ்ட்கிரெஸ் நிபுணர்கள் சுமார் 20 ஆண்டுகளாகக் கொண்டிருந்த கருத்து. அக்கருத்து பிழையானது என 2018-இல் தெரியவந்தது. லினக்ஸ் இயக்க முறைமையில், எழுதத் தவறிய பகுதியும் எழுதப்பட்டதாகவே கருதப்படக்கூடும். ஆதலின் இரண்டாம் முறை கேட்கும்போது ‘ஆம்’ என்ற விடை வரும். அதனை நம்பி நாள்வழிப் பகுதியும் விலக்கப்படும். இவ்வாறு, பேரேட்டிலும் இன்றி நாள்வழியிலும் இன்றி ஒரு விவரம் ஓசையின்றி மறைந்துபோக இடமிருந்தது. சேமிப்புச் சாதனத்தில் கோளாறு நேர்ந்தாலன்றி இது நிகழாது. எனினும் நிகழ்ந்தால் எவருக்கும் தெரியாது என்பதே இதன் அபாயம்.

இக்குறையை மறைக்க எவரும் முற்படவில்லை. மூல நிரல் பகிரங்கமாக இருந்தமையால் மறைத்தலும் இயலாது. போஸ்ட்கிரெஸ் நிபுணர்களும் லினக்ஸ் நிபுணர்களும் பகிரங்கமாக விவாதித்தனர். தவறு யாருடையது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், பரிகாரம் காணப்பட்டது. எழுதுதல் ஒருமுறை தவறியதுமே தரவுத்தளம் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். மீண்டும் தொடங்கும்போது நாள்வழியைக் கொண்டு பேரேட்டைச் சீர்செய்ய வேண்டும் என்பதே அது. 2019 பிப்ரவரியில், அப்போது ஆதரவில் இருந்த எல்லாப் பதிப்புகளுக்கும் இத்திருத்தம் வழங்கப்பட்டது. மை-எஸ்.க்யூ.எல். என்னும் மற்றொரு தரவுத்தளமும் இதையொத்த மாற்றத்தைச் செய்துகொண்டது.

அலுவலர் அறிய வேண்டுவன

திறந்த மூலம் என்பதாலேயே ஒரு மென்பொருள் குறையற்றதாகிவிடாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. பலரும் காணக்கூடிய நிரலில் 20 ஆண்டுகள் ஒரு குறை மறைந்திருந்தது. ஆனால் அது வெளிப்பட்டபோது காரணமும் பரிகாரமும் யாவருக்கும் தெரிவிக்கப்பட்டன. நம்பிக்கைக்கு உண்மையான ஆதாரம் இதுவே.

எனினும், வெளியிடப்பட்ட திருத்தம் அலுவலகக் கணிப்பொறியைத் தானே வந்தடைவதில்லை. போஸ்ட்கிரெஸின் முதன்மைப் பதிப்பு ஒவ்வொன்றும் ஐந்தாண்டு காலமே திருத்தங்களைப் பெறும். 18-ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வெளிவந்தது. 13-ஆம் பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டு நவம்பருடன் முடிந்தது. ஆகவே, தம் அலுவலகத்தில் எந்தப் பதிப்பு உள்ளது என்பதைப் பொறுப்பாளர் அறிந்திருத்தல் அவசியம். மேலும், வட்டே பழுதுற்றால் நாள்வழியும் அதனுடன் அழியக்கூடும். நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்து, அதிலிருந்து விவரங்களை மீட்க முடிகிறதா என அவ்வப்போது சோதித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் நாள்வழி, பேரேடு ஆகிய இரு நோட்டுகளைக் கொண்டே இத்தத்துவத்தை வகுப்பில் விளக்கலாம். ஒரு மாணவர் நாள்வழி எழுத, மற்றொருவர் அதைப் பேரேட்டில் ஏற்றட்டும். பாதியில் பேரேட்டை மூடிவிட்டு, விடுபட்ட வரிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். நாள்வழியை எப்போது விலக்கலாம் என்பதற்கான விடையை மாணவர்கள் தாமாகவே கண்டறிவர்.