ஹெர்பிஸ் கொப்புளத்துக்கு மூலிகைப் பூச்சு எதுவரை உதவும்?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்திலும், இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பிலும் கொப்புளங்களை எழுப்பும். ஒருமுறை உடலுக்குள் நுழைந்த வைரஸ் பிறகு வெளியேறுவதில்லை. புண் ஆறினாலும் அது நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருக்கும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, மன உளைச்சல் என ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டால், அதே நரம்பு வழியாக மறுபடியும் தோலுக்கு வந்துவிடும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் மிகப் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பச்சிலையோ மருந்துக்கடைக் களிம்போ, தோலில் பூசும் எதுவும் நரம்பு முடிச்சுவரை எட்டாது. ஆகவே பூச்சு மருந்திடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: வந்த புண்ணை எத்தனை நாள் முன்னதாக ஆற்றும்?

இந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிதல்ல. உதட்டுக் கொப்புளம் எதுவும் பூசாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். தானாக ஆறும் நோய்க்கு எதைத் தடவினாலும் பெயர் தடவியதற்கே போகும். தமிழ்நாட்டில் அக்கி வந்தவர்களுக்குக் குயவர்கள் காவி மண்ணால் உடம்பில் எழுதும் வழக்கம் நிலைத்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். (அக்கி சின்னம்மை வைரஸால் வருவது, அதுவும் ஹெர்பிஸ் குடும்பம்தான்.) மருந்து பூசியவர்களையும் வெறும் களிம்பு பூசியவர்களையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

அப்படி ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மூலிகைகளில் முன்னணியில் இருப்பது லெமன் பாம். புதினாக் குடும்பத்துச் செடி. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தது. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். இதன் சாற்றைச் செறிவாக்கிச் சேர்த்த களிம்பு ஜெர்மனியில் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளது. அடிக்கடி உதட்டுப் புண் வரும் 66 பேரிடம் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், பாதிப் பேர் இந்தக் களிம்பையும் மீதிப் பேர் போலிக் களிம்பையும் தினமும் நான்கு முறை பூசினார்கள். வலியும் கொப்புளமும் உச்சத்தில் இருக்கும் இரண்டாம் நாளில் மூலிகைக் களிம்பு பூசியவர்களின் அவதி குறைவாக இருந்தது. வேறுபாடு பெரிதல்ல, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. செடியிலுள்ள ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பொருள்கள் வைரஸ் செல்லின்மேல் ஒட்டுவதைத் தடுக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. வைரஸ் செல்லுக்குள் புகுந்த பிறகு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எனவே உதடு குறுகுறுக்கத் தொடங்கும்போதே பூச வேண்டும். கொப்புளம் உடைந்த பின் பூசிப் பயனில்லை.

சுவிட்சர்லாந்தில் ருபார்ப் வேரையும் சேஜ் இலையையும் சேர்த்த களிம்பைச் சோதித்தார்கள். புண் ஆற அதற்கு 6.7 நாள், வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் களிம்புக்கு 6.5 நாள். மூலிகை ஆங்கில மருந்துக்குச் சமம் என்று இதை மேற்கோள் காட்டுவோர் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் போலிக் களிம்பு பூசிய குழுவே இல்லை. அசைக்ளோவிர் களிம்பே உதட்டுப் புண்ணை அரை நாள் அளவுக்குத்தான் முன்னதாக ஆற்றும் என்பதால், அதற்குச் சமம் என்பது பெரிய பாராட்டும் அல்ல.

நியூசிலாந்தில் கனுகா மரத்துப் பூந்தேனை 952 பேரிடம் சோதித்தார்கள். தேனுக்கு 9 நாள், அசைக்ளோவிருக்கு 8 நாள். டீ ட்ரீ எண்ணெய் குறித்த ஆய்வு மிகச் சிறியது. ஆகவே முடிவு சொல்ல முடியாது. அதிமதுரத்தின் கிளிசிரைசின் ஆய்வகத்தில் ஹெர்பிஸ் வைரஸை ஒடுக்குவதாக 1979-லேயே தெரியவந்தது. ஆனால் கண்ணாடிக் குடுவையில் கிடைத்த வெற்றியை மனிதத் தோலில் உறுதி செய்யும் நல்ல ஆய்வு வரவில்லை.

தீங்கு செய்யும் பூச்சுகளும் உண்டு. பூண்டை அரைத்துப் புண்ணில் வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். நீர்க்காத டீ ட்ரீ எண்ணெயும் எரிச்சலையும் ஒவ்வாமையையும் கிளப்பும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இவற்றைவிட மோசம்; அது வைரஸ் பரவத் துணைபோகும். பிறப்புறுப்புப் புண்ணுக்கு மாத்திரைதான் மருந்து. பூச்சு மருந்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

புண் இருக்கும் நாள்களில் பச்சைக் குழந்தையை முத்தமிடுவதைத் தவிர்க்க வேண்டும். பிறந்த சிசுவுக்கு இந்த வைரஸ் உயிராபத்து. கொப்புளம் கண்ணருகே வந்தால் இலைச்சாறு, தேன், எண்ணெய் எதையும் பூசாமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கருவிழியில் ஹெர்பிஸ் பரவினால் பார்வையே பறிபோகலாம்.