மிரட்டினாரா, பயமுறுத்தினாரா?

ஆனிப் பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். பிடித்தவர் பிரசாதமாகக் கொண்டுபோவார். தலையில் வாங்கியவரும் சிரித்துக்கொண்டேதான் போவார். இத்தனை கொண்டாட்டமும் ஒரு பேய்க்காக. அப்படிச் சொல்வது நாமல்ல, அவரே. திருவாலங்காட்டைப் பாடிய பதிகங்களின் முடிவில் காரைக்கால் அம்மையார் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே குறிப்பிட்டுக்கொள்கிறார்.

தொல்காப்பியத்தின் உரியியல், அச்சப் பொருள் தரும் சொற்களாகப் பேம், நாம், உரும் என மூன்றைச் சொல்கிறது. பேய் என்ற சொல்லையும் அந்தப் பேம் என்பதோடு உறவாக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படியென்றால் அந்த அம்மாள் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே அச்சம்தான். ஆனால் அது எந்த வகை அச்சம்?

கேள்வி விளையாட்டல்ல. பள்ளி ஆங்கிலப் பாடத்தில் ஃபிரைட்டன், ஸ்கேர், டெரிஃபை, ஹாரிஃபை, த்ரெட்டன், இன்டிமிடேட் என்று எது வந்தாலும் நோட்டில் ‘பயமுறுத்து’ என்று எழுதிவிட்டு நகர்ந்தவர்கள் நாம். ஆங்கிலக்காரருக்கு அவை ஆறும் ஆறு வேலை. திடுக்கிட வைத்தால் ஸ்கேர். குலைநடுங்க வைத்தால் டெரிஃபை. ஹாரிஃபை என்பதில் பயத்தோடு அருவருப்பும் சேரும். மயிர் சிலிர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ‘செய்யாவிட்டால் பார்’ என்று வாய்விட்டுச் சொன்னால் த்ரெட்டன். சொல்லாமலே, ஆள்பலத்தையோ பதவியையோ காட்டி ஒடுக்கினால் இன்டிமிடேட்.

இடி மிரட்டாது

நம்மிடம் மட்டும் ஒரே சொல்லா இருக்கிறது? இடி பயமுறுத்தும், மிரட்டாது. மிரட்ட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நம்மிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டும். ‘புயல் மிரட்டுகிறது’ என்று பத்திரிகை எழுதும்போது புயலை அப்படியொரு ஆளாக்கிவிடுகிறது. அதட்டுவதற்குக் குரல் போதும். பூச்சாண்டி காட்டுவது சோறு உண்ணாத பிள்ளைக்கு. அதையே அரசியல்வாதி செய்தால் கேலிக்குரிய சொல். பீதியைக் கிளப்புவார்கள்; அது கூட்டத்தில் பரவுவது. மாடு மிரளும், ஆள் அரளுவான். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய். ஈழத் தமிழரிடம் ‘வெருட்டு’ இன்றும் அன்றாடப் பேச்சு. வயல் பொம்மைக்கு அங்கே வெருளி என்று பெயர்.

எச்சரிக்கை இந்த வரிசைக்கு வெளியே நிற்கும் சொல். காரைக்கால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால், கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ படகைக் கரையேற்றுகிறவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். 2004 டிசம்பர் 26 காலையில் எந்தக் கூண்டும் ஏறாமலே கடல் உள்ளே வந்ததைப் பார்த்த ஊர்கள் இவை. கூண்டு தருவதும் பயம்தான். ஆனால் அதனால் லாபம் பயப்படுகிறவருக்கு. மிரட்டலில் லாபம் மிரட்டுகிறவருக்கு.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. ‘கொலை மிரட்டல்’ என்று செய்தியில் படிப்பது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 503, 506 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. உடலுக்கோ சொத்துக்கோ பெயருக்கோ கேடு வரும் என்று சொன்னால் மட்டும் போதாது. அச்சத்தை உண்டாக்கவோ, செய்யத் தேவையில்லாததைச் செய்ய வைக்கவோ, செய்ய உரிமையுள்ளதைத் தடுக்கவோ நோக்கம் இருக்க வேண்டும். பயந்தவரின் நடுக்கத்தை மட்டுமல்ல, பயமுறுத்தியவரின் நோக்கத்தையும் சட்டம் அளக்கிறது.

அரசன் தரும் பயம்

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் சேர்ந்தது. இன்று பயங்கரவாதம் என்று மொழிபெயர்க்கும் ‘டெரரிசம்’ அந்தப் பிரெஞ்சு நாட்டில் பிறந்த சொல். 1793-94இல் பாரிஸின் புரட்சி அரசு ஆயிரக்கணக்கானோரைக் கில்லட்டினுக்கு அனுப்பிய காலத்துக்கு ‘தெரர்’ என்றே பெயர். அதாவது, முதலில் அந்தச் சொல் சுட்டியது அரசுக்கு எதிரானவர்களை அல்ல, அரசையே.

தமிழுக்கு இது புதிதல்ல. அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்கிறது. கள்வருக்கு அடுத்த இடம் அரசனுக்கு. வள்ளுவரும் குடிகள் அஞ்சும்படி நடக்கக் கூடாது என்று அரசனுக்கே ஓர் அதிகாரம் ஒதுக்கினார்: வெருவந்த செய்யாமை, 57ஆவது.

பழகப் பழகப் பயமும் நீர்த்துப்போகும். அச்சம் தருவது என்ற பொருளில் இருந்த ‘டெரிஃபிக்’ இன்று பாராட்டு. நாமும் ‘பிரியாணி பயங்கரம்’ என்கிறோம். நடிகர் ‘மிரட்டியிருக்கிறார்’ என்று விமர்சனம் எழுதுகிறோம். வருத்தும் தெய்வமாக இருந்த அணங்கு, கவிஞர்கள் கையில் அழகிய பெண்ணாகிவிட்டாள்.

மாம்பழத்துக்குப் பயந்தவர்

இந்தச் சொற்களையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கதைக்கு வருவோம். சேக்கிழார் சொல்வது இது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டாள். உண்ண வந்த கணவன் இரண்டாவதையும் கேட்டான். இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வந்தது. சுவை வேறாக இருக்கவே விசாரித்தான்; நடந்ததைச் சொன்னாள். நம்பாமல், இன்னொன்று வரவழை என்றான். வந்த பழம் அவன் கைக்குப் போனதும் மறைந்தது. பயந்துபோனவன் வணிகத்துக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறினான். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். சுற்றத்தார் மனைவியை அழைத்து வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுந்தான்.

கவனியுங்கள்: அவன் பயந்தபோது அவள் பேயாகவில்லை. அழகிய மனைவியாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மிரட்டவில்லை, அதட்டவில்லை. அவன் பட்டதற்குப் பயபக்தி என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் இதற்குள்ள சொல் நம் வியப்பொலி போலவே ‘ஆ’ என்று ஒலிக்கும். அதிலிருந்து பிறந்த ‘ஆஃபுல்’ இன்று படுமோசம் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது.

கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேய் வடிவை அவள் கேட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான். அந்த உருவத்தைக் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். இறைவன் என்னை அறிந்தால் போதும், உலகத்தார் கண்ணுக்கு எப்படித் தெரிந்தால் என்ன என்று அவள் தலையால் நடந்து கயிலை ஏறினாள். பயமுறுத்தினாள், ஆனால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மிரட்டலுக்கு வேண்டிய ‘இல்லாவிட்டால்’ அவளிடம் இல்லை.

அதனால்தானோ என்னவோ, ஆனி மாதம் பேயின் பெயரால் பழம் பறந்து வரும்போது யாரும் ஓடுவதில்லை. முந்தானையை விரித்துப் பிடிக்கிறார்கள்.